லண்டன் பஞ்சாயத்தும் நம் கடலை மூட்டையும்

அந்நிய நாட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு தீர்ப்பு எழுதுகிறார்கள். அந்தத் தீர்ப்பை ஒரு கம்பெனி இங்கே கொண்டுவந்து நம் ஹைகோர்ட்டில் நீட்டுகிறது. "இதன்படி பணத்தை எண்ணி வையுங்கள், தவறினால் சொத்தை ஜப்தி செய்வோம்" என்கிறது. எண்ணி வைத்தே தீர வேண்டுமா? மறுக்க வழி உண்டா? மறுத்தால் அது நியாயமா, நாணயக்கேடா?

"இது வக்கீல்மார்கள் விவகாரம். காரைக்குடி வட்டாரத்தில் களை எடுக்கிறவளுக்கும், காளையார்கோவிலில் மில் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் இதில் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும்.

தோழர்களே! நிறைய இருக்கிறது. நீங்கள் நூற்கும் பஞ்சும், நீங்கள் பிடுங்கும் கடலையும் இந்தத் தீர்ப்புகளின் வழியே போய்வருகின்றன. பஞ்சுத் தகராறு லிவர்பூலில் தீர்க்கப்படுகிறது. கடலைத் தகராறு லண்டனில் தீர்க்கப்படுகிறது. அங்கே தோற்றுப் போவது பல சமயங்களில் நம் பொதுப் பணம். அந்தப் பணத்துக்குப் பேர் டாலராக இருக்கலாம். அது பிறந்த இடம் நம் புஞ்சைக் காடுதான்.

பஞ்சாயத்து என்றால் என்ன?

மத்தியஸ்தம் என்பது நமக்குப் புதிதல்ல. கோர்ட்டுக்குப் போகாமல், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆட்கள் முன் வழக்கைச் சொல்லி, அவர்கள் சொல்வதற்குக் கட்டுப்படுவது மத்தியஸ்தம். நம் சீமையில் அம்பலகாரர் முன் கூடுகிற நாட்டுக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் யார் பேச்சு எடுபடும், யார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். பஞ்சாயத்து என்ற பேர் நல்ல பேர்தான். ஆனால் பஞ்சாயத்தார் யார், அவர்களை உட்காரவைத்தது யார், செலவுக்குக் கொடுப்பது யார் என்ற கேள்விகளைக் கேட்காமல் எந்தப் பஞ்சாயத்தையும் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

உலக வியாபாரத்துக்கும் இப்படிப் பஞ்சாயத்துகள் உண்டு. லிவர்பூலில் பஞ்சுத் தரகர்கள் 1841-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். அது 2004-லிருந்து சர்வதேசப் பஞ்சுச் சங்கம் என்ற பேரில் நடக்கிறது. அந்நியப் பஞ்சு வாங்கும் மில்களின் ஒப்பந்தங்களில் "தகராறு வந்தால் லிவர்பூல் விதிப்படி" என்ற ஒரு வரி சாதாரணமாக இருக்கும். 2011 மார்ச்சில் ராத்தல் 2 டாலருக்கு மேல் ஏறிய பஞ்சு விலை, சில மாதங்களில் பாதியாகச் சரிந்தது. ஏறிய விலைக்கு வாங்க ஒப்புக்கொண்ட மில்கள் பல நாடுகளில் பின்வாங்கின. லிவர்பூலில் வழக்குகள் குவிந்தன. தீர்ப்புப்படி பணம் கட்டாத மில்லின் பேர் அங்கே ஒரு பட்டியலில் ஏறும். ஏறினால் அந்தச் சங்கத்து அங்கத்தினர்கள் அந்த மில்லோடு வியாபாரம் செய்யக் கூடாது. மில்லுக்குப் பஞ்சு வராவிட்டால் முதலில் வெளியே நிற்பவன் யார்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட முதலாளியா? கதிர் ஓட்டுகிற தொழிலாளி அல்லவா!

கடலையின் கதை

இனி லண்டன் கதைக்கு வருவோம். இது கற்பனை அல்ல. நம் ஸுப்ரீம் கோர்ட் 2020 ஏப்ரல் 22-ஆம் தேதி முடித்துவைத்த வழக்கு.

நாபெட் என்று ஒரு ஸ்தாபனம் உண்டு. விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களின் அகில இந்தியச் சம்மேளனம் அது. 1958 அக்டோபர் 2-ல் ஆரம்பிக்கப்பட்டது. 1980 ஜனவரியில் நாபெட், ஸ்விட்சர்லாந்து நாட்டு அலிமென்டா என்ற கம்பெனிக்கு 5,000 டன் நிலக்கடலைப் பருப்பு அனுப்புவதாக ஒப்பந்தம் செய்தது. கையால் பொறுக்கித் தேர்ந்தெடுத்த பருப்பு! கவனியுங்கள்: வியாபாரிகள் அதற்கு வைத்த பேரே அதுதான். யாருடைய கை? முதுகு வளைந்து உட்கார்ந்து, சொத்தையையும் சுருங்கலையும் விலக்கி, பருப்பைப் பொறுக்கிய பெண்களின் கை. ஒப்பந்தத்தின் பேரில் அந்தக் கை இருக்கிறது. ஒப்பந்தத்தின் லாபத்தில் இல்லை.

அந்த ஆண்டு சௌராஷ்டிரத்தில் புயல் முதலியவற்றால் பயிர் சேதமாயிற்று. 1,900 டன்தான் கப்பல் ஏறியது. மீதி 3,100 டன்னை அடுத்த பருவத்தில் அனுப்புவதாக 1980 ஆகஸ்டில் இணைப்பு ஒப்பந்தம் எழுதினார்கள். ஆனால் கடலை ஏற்றுமதி அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய காரியமல்ல. சர்க்கார் அனுமதி வேண்டும். 1979-80 வரைக்கும்தான் நாபெட்டுக்கு அனுமதி இருந்தது. பழைய பாக்கியை அடுத்த பருவத்தில் அனுப்ப சர்க்காரிடம் கேட்டது. சர்க்கார் "கூடாது" என்றது.

மூல ஒப்பந்தத்திலேயே 14-வது ஷரத்து ஒன்று இருந்தது. சர்க்கார் உத்தரவாலோ சட்டத்தாலோ ஏற்றுமதி தடைபட்டால், அனுப்பாத அளவுக்கு ஒப்பந்தம் ரத்தாகிவிடும் என்பது அதன் சாரம். இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஷரத்து அது.

ஆயினும் அலிமென்டா லண்டனுக்குப் போயிற்று. எண்ணெய், எண்ணெய்வித்து, கொழுப்பு வியாபாரச் சங்கங்களின் சம்மேளனம் அங்கே இருக்கிறது. அதன் மத்தியஸ்தர்கள் 1989 நவம்பரில் தீர்ப்புச் சொன்னார்கள்: நாபெட் 46 லட்சத்து 81 ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டும்; 1981 பிப்ரவரியிலிருந்து 10.5 சதவீத வட்டியும் சேர்த்து. நாபெட் அதே சம்மேளனத்தின் அப்பீல் சபைக்குப் போயிற்று. 1990 செப்டம்பரில் அப்பீல் தள்ளுபடி ஆனது மட்டுமல்ல, வட்டி 11.25 சதவீதமாக உயர்ந்தது! பாம்புக்குப் பயந்து புற்றில் கால் வைத்த கதை.

வட்டிக் கணக்கைச் செட்டிநாட்டாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தனி வட்டியாகவே போட்டுப் பாருங்கள். ஆண்டுக்குச் சுமார் 5 லட்சத்து 26 ஆயிரம் டாலர். 39 ஆண்டுகளுக்கு 2 கோடி டாலருக்கு மேல். முதல் ஒன்று, வட்டி நாலுக்கு மேல்! அனுப்பாத கடலைக்கு, அனுப்பக் கூடாது என்று சர்க்கார் தடுத்த கடலைக்கு, இந்தத் தொகை.

டில்லி ஹைகோர்ட் 2000-த்தில் "தீர்ப்பு செல்லும், கொடு" என்றது. கடைசியில் ஸுப்ரீம் கோர்ட் மறுத்தது. சர்க்கார் அனுமதி இல்லாமல் அனுப்பியிருந்தால் அது சட்ட மீறல். சட்டத்தை மீறாததற்காக அபராதம் கட்டு என்று சொல்லும் தீர்ப்பை இந்தியக் கோர்ட் அமல் நடத்தினால் அது இந்தியாவின் பொதுக் கொள்கைக்கு விரோதம் என்றது. ஒப்பந்தம் போட்டு 40 ஆண்டுகள் கழித்து அந்த வழக்கு முடிந்தது. அன்று கடலை பொறுக்கிய பெண்களில் எத்தனை பேர் அதற்குள் கிழவியாகியிருப்பார்கள்!

எந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம்?

இந்தச் சட்டத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1927-ல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை; அதற்காக வெள்ளைக்காரன் ஆட்சியில் 1937-ல் ஒரு சட்டம். 1958 ஜூன் 10-ல் நியூயார்க்கில் மற்றோர் உடன்படிக்கை. இந்தியா 1960-ல் அதை உறுதிசெய்து 1961-ல் சட்டம் போட்டது. கடலை வழக்கு இந்த 1961 சட்டத்தின் கீழ் நடந்தது. பிறகு 1996-ல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி மத்தியஸ்த, சமரசச் சட்டம் வந்தது. இன்று 170-க்கு மேற்பட்ட நாடுகள் நியூயார்க் உடன்படிக்கையில் இருக்கின்றன. 1996 சட்டத்தின் 48-வது பிரிவில், அந்நியத் தீர்ப்பை மறுக்கும் காரணங்கள் எண்ணி எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை நம் ஊர்ப் பேச்சில் சொல்லிப் பார்ப்போம்.

ஒன்று: ஒப்பந்தமே செல்லாதது, அல்லது கையெழுத்துப் போட்டவருக்கு அந்த யோக்கியதை இல்லை. வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கியது போல.

இரண்டு: மத்தியஸ்தர் நியமனத்தைப் பற்றியோ விசாரணையைப் பற்றியோ முறையாகத் தகவல் கொடுக்கவில்லை, தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. ஆளைக் கூப்பிடாமலே அபராதம் போடுகிற பஞ்சாயத்து.

மூன்று: கேட்ட வழக்கை விட்டு வேறு வழக்குக்குத் தீர்ப்பு. வரப்புத் தகராறுக்குக் கூடியவர்கள் கிணற்றையும் சேர்த்து எழுதிக்கொடுத்தால் எப்படி? வரப்பைப் பற்றிய பகுதியைத் தனியே பிரிக்க முடிந்தால் அது மட்டும் செல்லும்.

நான்கு: மத்தியஸ்தர்களை அமர்த்திய விதமோ விசாரணை நடந்த விதமோ ஒப்பந்தத்தில் சொன்னபடி இல்லை.

ஐந்து: தீர்ப்பு இன்னும் கட்டுப்படுத்தும் நிலைக்கு வரவில்லை, அல்லது எந்த நாட்டில் தீர்ப்பு எழுதப்பட்டதோ அந்த நாட்டுக் கோர்ட்டே அதை ரத்துச் செய்துவிட்டது, நிறுத்திவைத்துவிட்டது.

ஆறு: இந்தியச் சட்டப்படி மத்தியஸ்தத்துக்கு விடவே முடியாத விவகாரம். கொலைக் குற்றத்தைத் தனியார் பஞ்சாயத்தில் தீர்க்க முடியுமா?

ஏழு: அந்தத் தீர்ப்பை அமல் நடத்துவது இந்தியாவின் பொதுக் கொள்கைக்கு விரோதம்.

இவ்வளவுதான். இந்த ஏழு கதவுகளில் ஒன்றாவது திறக்க வேண்டும். முதல் ஐந்தையும் நிரூபிக்கும் பாரம் மறுப்பவர் தலையில். "மத்தியஸ்தர் கணக்கைத் தப்பாகப் போட்டார், சாட்சியத்தைத் தப்பாகப் படித்தார்" என்று சொல்லி வழக்கை மறுபடி முதலிலிருந்து நடத்த முடியாது. இன்னொன்றும் உண்டு. தீர்ப்பை அமல் நடத்த மாட்டேன் என்று கோர்ட் சொன்னால், கம்பெனி அப்பீல் செய்யலாம் என்று 50-வது பிரிவு உரிமை கொடுக்கிறது. அமல் நடத்து என்று சொன்னால், மறுத்தவருக்கு அந்தச் சட்டத்தில் அப்பீல் கிடையாது. ஸுப்ரீம் கோர்ட் தன் விசேஷ அதிகாரத்தால் மனம் வைத்தால்தான் உண்டு. தராசைப் பார்த்தீர்களா? ஒரு தட்டில் ஏற்கெனவே கல் வைத்திருக்கிறது.

அடிக்கப்பட்ட சொற்கள்

ஏழாவது கதவுதான் பெரிய சண்டைக்களம். "பொதுக் கொள்கை" என்றால் என்ன?

1964-ல் பிர்லாக்களின் ஹிண்டால்கோவைச் சேர்ந்த ரேணுசாகர் மின்சாரக் கம்பெனி, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிடம் மின் நிலைய யந்திரங்கள் வாங்க ஒப்பந்தம் செய்தது. தவணையிலும் வட்டியிலும் தகராறு. 1986-ல் பாரிஸ் சர்வதேச வர்த்தக சபையின் மத்தியஸ்தர்கள் 1 கோடியே 22 லட்சம் டாலருக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். "பொதுக் கொள்கைக்கு விரோதம்" என்று ரேணுசாகர் வாதாடியது. 1993 அக்டோபர் 7-ல் ஸுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளியது. தள்ளும்போது ஓர் இலக்கணம் சொன்னது: இந்தியச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கை, இந்தியாவின் நலன், நியாயம் அல்லது ஒழுக்கம் — இந்த மூன்றில் ஒன்றுக்கு விரோதமானால் மறுக்கலாம்.

இந்தியாவின் நலன்! இந்தச் சொற்களை மனத்தில் வையுங்கள். ஏனென்றால் 2015-ல் சட்டத்தைத் திருத்தி, பொதுக் கொள்கை என்றால் எவையெவை என்று சட்டத்திலேயே எழுதினார்கள். மோசடி அல்லது லஞ்சம் உண்டு. சட்டத்தின் அடிப்படைக் கொள்கை உண்டு. நியாயம், ஒழுக்கம் பற்றிய மிக அடிப்படையான கருத்துகள் உண்டு. "இந்தியாவின் நலன்" மட்டும் பட்டியலில் இல்லை. கோர்ட் கொடுத்த சொல்லைப் பார்லிமெண்ட் விட்டுவிட்டது. அந்நிய மூலதனம் தயங்காமல் வர வேண்டும் என்பதற்காக, நாட்டின் நலன் என்ற காரணத்தையே வாசலில் நிறுத்திவிட்டார்கள். விருந்தாளி முகம் சுளிப்பான் என்று வீட்டுக்காரியைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்புவது போல!

இதன் விளைவைப் பாருங்கள். 2020 பிப்ரவரியில், விஜய் காரியா வழக்கில், அந்நியச் செலாவணிச் சட்டத்தின் ஒரு விதியை மீறியதாக இருந்தாலும் அது மட்டுமே பொதுக் கொள்கைக்கு விரோதமாகாது என்று ஸுப்ரீம் கோர்ட் சொல்லி, மறுத்தவர்கள் மீது 50 லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் போட்டது. ஏப்ரலில் கடலை வழக்கில், சர்க்கார் அனுமதி இல்லை என்பது பொதுக் கொள்கை விஷயம் என்றது. செப்டம்பரில், ராவா எண்ணெய் வயல் வழக்கில், வளர்ச்சிச் செலவாக 27 கோடியே 80 லட்சம் டாலரைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம் என்ற மலேசியத் தீர்ப்பை, மத்திய சர்க்கார் மறுத்தும், அமல் நடத்தச் சொன்னது. ஒரே ஆண்டில் மூன்று தீர்ப்புகள், இரண்டு திசைகள். கடலை வழக்கில் நாபெட் தப்பியது, அந்த வழக்கு பழைய சட்டத்தின் கீழ் வந்ததாலும், அந்தப் பெஞ்சு ஏழாவது கதவை அகலத் திறந்ததாலும்தான். நாளைக்கு வரும் வழக்கில் அந்தக் கதவு எவ்வளவு திறக்கும் என்று யார் சொல்ல முடியும்?

எதிர்வாதத்துக்குப் பதில்

எதிர்த்தரப்பில் சொல்வதையும் கேட்க வேண்டும். "கடலைத் தீர்ப்பு தவறு. நாபெட் அனுமதி வாங்காமலே இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. மத்தியஸ்தர் முடித்த விஷயத்தைக் கோர்ட் மறுபடி கிளறியது. இப்படி மறுத்துக்கொண்டே போனால் இந்தியர்களோடு யார் வியாபாரம் செய்வார்கள்? நம் வியாபாரிகளுக்கு அந்நியன் பாக்கி வைத்தால், நம் தீர்ப்பை அங்கே யார் மதிப்பார்கள்?" என்கிறார்கள்.

இதில் உண்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை. திருப்பூர் பனியனை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்காத அந்நிய வியாபாரி ஒருவனிடமிருந்து அதை வசூலிக்க இதே நியூயார்க் உடன்படிக்கைதான் உதவும். அந்தப் பணம் வராவிட்டால் அங்கேயும் கூலிதான் நிற்கும். ஆகவே அந்நியத் தீர்ப்பு எல்லாவற்றையும் கிழித்தெறி என்பது நம் வாதம் ஆகாது.

மேலும் ஒன்று சொல்ல வேண்டும். "பொதுக் கொள்கை" என்ற கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் எல்லோரும் பொதுமக்களின் ஆட்களா? ரேணுசாகர் வழக்கில் அந்தக் கொடியைப் பிடித்தது பிர்லா கம்பெனி. யந்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, மின்சாரம் எடுத்து, லாபமும் எடுத்து, பாக்கி கேட்டபோது தேச நலனைப் பேசியது. அந்தச் சுதேசி வேஷத்தை நாம் நம்ப வேண்டியதில்லை. வாங்கின கடனை நாட்டின் பேரால் மறைக்கிற பெரிய முதலாளிக்கு வக்காலத்து வாங்குவது தொழிலாளியின் வேலையல்ல.

அப்படியானால் அளவுகோல் என்ன? தீர்ப்பு யாருக்கு எதிராக வந்தது என்று பார்த்தால் போதாது. அந்தத் தீர்ப்பை நிறைவேற்றினால் நாட்டுச் சட்டம் தடுத்த ஒன்றுக்கு வெகுமதி கிடைக்கிறதா, மோசடிக்குப் பலன் கிடைக்கிறதா, ஒப்பந்தத்தில் பங்கில்லாத ஏழைகளின் வயிற்றில் அதன் சுமை விழுகிறதா என்று பார்க்க வேண்டும். நாபெட்டின் வழக்கு இந்த அளவுகோலில் தேறும். விளைச்சல் கெட்ட காலத்தில் எவ்வளவு கடலை வெளியே போகலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு வேண்டும். அது நம் சட்டியில் ஊற்றும் எண்ணெயைப் பற்றிய உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தினால் லண்டனில் அபராதம் என்றால், ஆட்சி நடப்பது டில்லியிலா, லண்டனிலா?

செட்டிநாடு அறிந்த பாடம்

நம் சீமைக்கு இதன் மறுபக்கமும் தெரியும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. அங்கே லேவாதேவி செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அந்நிய மூலதனக்காரர்கள். கடன் வாங்கிய பர்மிய விவசாயி உள்நாட்டுக்காரன். 1930-ல் உலக மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1938-ல் 25 பங்காயிற்று. பத்திரம் சுத்தமாக இருந்தது, கையெழுத்து இருந்தது, கோர்ட் இருந்தது. எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. ஆனால் நெல்லை விளைவித்தவன் தன் நிலத்திலேயே குத்தகைக்காரன் ஆனான். சுதந்திர பர்மா 1948-ல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டது இந்த ஆத்திரத்தின் மேல்தான். அந்த ஆத்திரத்தில் அடிபட்டவர்கள் லேவாதேவிக்காரர்கள் மட்டுமல்ல. இந்த ஜில்லாவிலிருந்து கூலியாகப் போன ஏழைகளும் மூட்டை முடிச்சோடு திரும்பினார்கள்.

ஒப்பந்தத்தின் எழுத்து சரியாக இருப்பது மட்டும் நியாயமாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பத்திரத்துக்கு மேலே ஒரு நாட்டின் நலன் என்று ஒன்று இருக்கிறது. அதைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் அது ஒருநாள் தெருவில் வந்து நிற்கும்.

மாமியார் குடமும் மருமகள் குடமும்

"தீர்ப்பு என்றால் உடனே அமல் நடக்க வேண்டும், அதுதான் நாணயம்" என்று உபதேசம் செய்கிறவர்களை ஒரு கேள்வி கேட்போம். தொழிலாளிக்குக் கிடைத்த தீர்ப்பு எங்கே?

1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம், டிரிபியூனல் தீர்ப்பு வெளியாகி 30 நாளில் அமலுக்கு வரும் என்று எழுதியது. 2025 நவம்பரில் புதிய சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும்வரை அதுதான் சட்டம். நடந்தது என்ன? "வேலைக்கு எடு" என்று தீர்ப்பு வரும். முதலாளி ஹைகோர்ட்டுக்குப் போவார். தடை உத்தரவு வரும். தொழிலாளி வருஷக் கணக்கில் வெளியே நிற்பான். இந்த அநியாயம் ஊரறிந்ததாகிவிட்டதால்தான், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தையாவது கொடு என்று 1982 திருத்தத்தில் 17-பி என்ற பிரிவைச் சேர்க்க வேண்டி வந்தது. அன்றைக்கு எந்த வர்த்தக சபையாவது "தீர்ப்பை மதிக்காவிட்டால் நாட்டின் மானம் போகும்" என்று அறிக்கை விட்டதா?

போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. நியாயம் கேட்டு நியூயார்க் கோர்ட்டுக்குப் போனபோது கம்பெனி என்ன சொன்னது? "இந்தியக் கோர்ட்டுகள் நல்ல கோர்ட்டுகள், வழக்கை அங்கே நடத்தட்டும்" என்றது. 1986-ல் அந்தக் கோர்ட்டும் ஒப்புக்கொண்டு வழக்கைத் திருப்பி அனுப்பியது. செத்தவன் நஷ்ட ஈடு கேட்டால் இந்தியக் கோர்ட் போதும். மூலதனம் பாக்கி கேட்டால் இந்தியக் கோர்ட் ஆகாது, லண்டன் வேண்டும், பாரிஸ் வேண்டும்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

நாம் கேட்பது

ஆகவே, தோழர்களே, இந்த விஷயத்தை வக்கீல்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை.

சர்க்காரும், பொதுத்துறையும், கூட்டுறவுச் சம்மேளனங்களும் அந்நியக் கம்பெனிகளோடு செய்யும் ஒப்பந்தங்களில் தகராறு ஷரத்து ரகசியமாக இருக்கக் கூடாது. மத்தியஸ்தம் வைத்தால் இந்த நாட்டிலேயே, இந்த நாட்டுச் சட்டப்படி வைக்க வேண்டும்.

"இந்தியாவின் நலன்" என்ற காரணம் சட்டத்தில் மறுபடி ஏற வேண்டும். அதுவும் நீதிபதிக்கு நீதிபதி மாறுகிற புகையாக இருக்கக் கூடாது. உணவு, எண்ணெய்வித்து, தண்ணீர், மக்களின் ஆரோக்கியம் இவற்றைக் காக்கச் சட்டப்படி போட்ட தடையை மதித்ததற்காக யாருக்கும் அபராதம் இல்லை என்று எழுத்தில் வர வேண்டும். அப்படி எழுதினால் பெரிய முதலாளி அதன் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியாது.

அப்பீல் உரிமை இரண்டு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்நியத் தீர்ப்பின் பேரில் ஒரு மில்லின் சொத்தை ஜப்தி செய்தால், முதல் பங்கு அந்த மில் தொழிலாளியின் சம்பளப் பாக்கிக்கும் பிராவிடண்ட் பண்டுக்கும் கிராஜுவிட்டிக்கும் போக வேண்டும். மிச்சம்தான் மற்றவர்க்கு.

அந்நியக் கம்பெனியின் தீர்ப்புக்குக் காட்டும் அவசரத்தைத் தொழிலாளியின் தீர்ப்புக்கும் காட்ட வேண்டும்.

காளையார்கோவிலில் சர்க்காருக்குச் சொந்தமான காளீஸ்வரர் மில் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றது. அதைத் திற என்று கேட்ட தொழிலாளிக்குப் பணமில்லை என்ற பதில்தான் திரும்பத் திரும்பக் கிடைத்தது. பணம் எங்கே போகிறது, எந்தத் தீர்ப்பின் பேரில் போகிறது, அதை மறுக்க நியாயமான காரணம் இருந்தும் மறுக்காமல் விட்டவர் யார் என்று கேட்க அவனுக்கு முழு உரிமை உண்டு. நூலாலையிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள். கடலையைப் பொறுக்கிய கைகளுக்கு, கணக்கைக் கேட்கவும் தெரியும் என்று அவர்கள் அறியட்டும்!